வயிறெரிய ஒரு புடிங்

"உன்ர அடுப்பிலை பூனையெல்லே படுத்துக் கிடக்குது! நாலு மணிக்கு வாறவைக்கு அதையோ பிடிச்சுக் குடுக்கப்போறாய்?"

அகப்பையை ஓங்கியபடி வேலியோரம் நின்று கத்தினாள் விமலேஸ்வரி. வட்டக்கச்சி வாய்க்கால் வீதியில் சைக்கிளில் போனவர்கள் இறங்கி, சைக்கிளை உருட்டத் தொடங்கினார்கள். ஓசியில் கிடைக்கும் சண்டையை யார்தான் விடுவார்கள்?

தென்னோலைக் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் சிவனேஸ்வரி. இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். யாருடைய வயலுக்கு முதல் தண்ணீர் என்று சகோதரர்கள் மண்வெட்டியால் அடிபட்டதில், வழக்கு இரண்டு வருடமாகக் கோட்டில் கிடந்தது.

அண்ணன் வீட்டோடு ஒரு சொல் கதைத்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று தம்பி தவராசா மனைவி விமலேஸ்வரிக்குச் சொல்லி வைத்திருந்தான். ஏசுவதற்கு மட்டும் தடையில்லை. ஏசினால் அவனுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

இன்று அவனுக்குக் கொண்டாட்டம். அண்ணன் மகள் இராசேஸ்வரியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்ற தகவல் காலையில்தான் வந்தது. மாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கர் உத்தியோகம். மாப்பிள்ளையின் தாய் பலகாரத் தட்டைப் பார்த்தே வீட்டை எடைபோடுகிறவள். இரண்டு வீடுகளில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பி வந்தவள். சிவனேஸ்வரிக்கோ பிட்டையும் இடியப்பத்தையும் விட்டால் வேறொன்றும் வராது. பலகாரம் வாங்க டவுனுக்குப் போகிற பஸ்ஸும் போய்விட்டது.

"அவையின்ர மானம் இண்டைக்குக் காத்திலை பறக்கப்போகுது," என்று தவராசா விறாந்தைக் கதிரையில் சாய்ந்தபோது, "அவையின்ர வயிறெரிய ஒரு மாம்பழப் புடிங் செய்யட்டோ?" என்று கேட்டவள் விமலேஸ்வரி. அவள் கொன்வென்ரில் சமையல் படித்தவள். தவராசா துள்ளி எழும்பாத குறை. அந்தப் புடிங்கைத்தான் இப்போது வேலியடியில் நின்று அறிவித்துக்கொண்டிருந்தாள்.

"புடிங்கோ? ஒரு தகரப் பேணி மாவுக்கு வழியில்லாத வீட்டிலை புடிங்கோ?" சிவனேஸ்வரியின் குரல் வேலியைத் தாண்டி வந்தது.

"ஒரு பேணியோ? ரெண்டு பேணி மா! ரெண்டு பேணி தயிர்! ஒரு பேணி சீனி! ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா! கேட்டுக்கொண்டு வாயை மூடு!"

"எத்தினை மாம்பழம் எண்டதையும் சொல்லடி," என்றான் தவராசா. "கேட்டு எரியட்டும்."

"நாலு மாம்பழம்! சட்டியிலை நெய்யை உருக்கி, அதிலை கரைச்ச மாவை ஊத்தி, அதுக்கு மேலை பழம். உன்னைப்போலை குடும்பத்தைக் கலக்கிற ஆளில்லை நான். பழம் போட்டாப் பிறகு என்ர கரண்டி அதிலை படாது!"

மாங்கொட்டையொன்று வேலிக்கு மேலால் பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. தவராசா மண்வெட்டியைத் தேடினான். விமலேஸ்வரி கொட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தாள்.

"கொட்டையிலை அரைவாசிச் சதையை விட்டு எறியிறாள்! ஒழுங்காச் சீவத் தெரியாதவளுக்கு ஒரு குடும்பம், ஒரு பெட்டை!"

"கேக் சுடுற போறணை இல்லாத வீட்டிலை அது எப்பிடி வேகுமாம்? உன்ர வாய்ச் சூட்டிலையோ?"

"போறணை என்னத்துக்கு? சட்டியை மூடி, அடுப்பிலை சின்ன நெருப்பு, மூடிக்கு மேலை சிரட்டைத் தணல். வெறும் பொறாமையாலை வேகாதடி!"

வீதியில் யாரோ சிரித்தார்கள். வேலிக்கு அப்பால் இராசேஸ்வரி விம்முவது கேட்டது. கல்யாணம் பேசுகிற நாளில் ஒரு பெண்பிள்ளை இதையெல்லாம் கேட்கவேண்டுமா என்று வீதியில் நின்ற ஒரு கிழவர் முணுமுணுத்தார். விமலேஸ்வரிக்கு அது காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"எட்டி எட்டிப் பார்க்கிறதுதானே உன்ர குணம்! சட்டியையும் அப்பிடித்தான் திறப்பாய். என்ர சட்டி முக்கால் மணித்தியாலம் மூடினபடி கிடக்கும். நடுவிலை திறந்தால் அமுங்கிப்போகும், உன்ர குடும்பத்தைப்போலை!"

"நாசமாப் போவாய்!" என்றாள் சிவனேஸ்வரி. பிறகு அவள் அடுப்படிக்குப் போகிற காலடிச் சத்தம்தான் கேட்டது. அண்ணியின் வாயை அடைத்துவிட்டாள் என்று தவராசா பெண்சாதியைப் பெருமையோடு பார்த்தான்.

மூன்றே முக்காலுக்கு மாம்பழமும் நெய்யும் சேர்ந்த வாசனை வளவெல்லாம் நிறைந்தது. வீதியில் நின்றவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். விமலேஸ்வரிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. குசினி அடுப்புக்கும் வேலிக்கும் நடந்தாள், நகத்தைக் கடித்தாள்.

"ஏன் அந்தரப்படுறாய்? சண்டையிலை வெண்டது நாங்களெல்லே!" என்றான் தவராசா.

வாடகைக் காரின் ஹோர்ன் கேட்டது. கிளாக்கரின் தாய் தட்டைத் தள்ளிவிட்டு எழும்புகிற காட்சியைத் தவறவிடக்கூடாது என்று தவராசா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் படலைக்கு ஓடினான். வேடிக்கை பார்த்தவர்களும் காரடிக்கு ஓடினார்கள்.

முற்றத்தில் யாருமில்லை. விமலேஸ்வரி வேலியடியில் முழந்தாளிட்டு, ஒரு கிடுகை விலக்கி, வாயை ஓட்டையில் வைத்தாள்.

"அக்கா... உங்கட புடிங் பொங்கிட்டுதோ?"