ஒருவழி சிம்

"அந்தப் பக்கச் சத்தம் எனக்குக் கேக்கணும். நான் பேசறது மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது. அப்படி ஒரு சிம் இருக்காக்கா?"

டவர் அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தாள். மொபைல் கடை போட்ட நாளிலிருந்து இப்படி ஒரு சிம்மை யாரும் கேட்டதில்லை.

அக்காவின் சொந்தப் பேர் வேறு. தெருவில் எந்தச் சேதி கிளம்பினாலும் முதலில் அவளுக்குத்தான் எட்டும். அதனால் டவர் அக்கா.

"வெளிநாடா போறே?"

"ஆமாக்கா. சாயந்திரம் ஃப்ளைட். ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை, ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்."

அக்கா மூன்று கார்டுகளை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் பரப்பினாள்.

"இது ஊர் சுத்திப் பார்க்கப் போறவங்களுக்கு, சீக்கிரம் தீர்ந்துடும். இதுல பேச்சு நிறைய, நெட் கம்மி. இதுல நெட் கொட்டிக் கிடக்கு. பேசாம இதை எடுத்துக்கோ. தினம் வீடியோவுல மூஞ்சியப் பார்த்துப் பேசலாம்."

"வீடியோ வேண்டாம்க்கா." பதில் வெடுக்கென்று வந்தது. "பேச்சும் வேண்டாம். எனக்குக் கேட்டா போதும். ஆனா ராத்திரி பூரா லைன் கட் ஆகாம இருக்கணும்."

"ராத்திரி பூராவா?"

"ஆமா. மூச்சு விடற சத்தம்கூடக் கேக்குமாக்கா?"

கேட்ட விதத்தில் ஒரு ஏக்கம் இருந்தது. டவர் அக்காவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது.

போனுக்குக் கண்ணாடி ஒட்டக் காத்திருந்த லாரி டிரைவரும் மெல்லத் தலையைத் திருப்பினார்.

அக்காவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"வீட்டுல யார் யாரு இருக்காங்க?"

"எங்க வீட்டுக்காரர். அப்புறம் என் தங்கச்சி. நான் திரும்பி வர்ற வரைக்கும் கூட இருக்கேன்னு வந்திருக்கா. அவகிட்டதான் நம்ம..."

"தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லக்கா."

அவ்வளவுதான். அக்காவுக்குப் படம் முழுசாக ஓடிவிட்டது. இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

"பாவம் அந்த மனுஷன்" என்றார் டிரைவர், பொதுவாக யாருக்கோ சொல்வதுபோல.

"இதோ பாரும்மா, அக்கா சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே" என்று ஆரம்பித்தாள் டவர் அக்கா. "சந்தேகம் வீட்டுக்குள்ள நுழைஞ்சிட்டா குடும்பம் உருப்படாது. புருஷன் பொண்டாட்டின்னா நம்பிக்கை வேணும். ஒட்டுக் கேட்டெல்லாம் குடித்தனம் பண்ண முடியாது, ஆமா."

சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய போன் சிணுங்கியது. தன் புருஷனின் வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்று காட்டுகிற ஆப் அது. வண்டி ஆபீஸ் வாசலிலேயேதான் நின்றது. நிம்மதியாகப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்தப் பெண் இது எதையும் சரியாகக் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை. கார்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அப்படி ஒரு சிம் இருக்கா, இல்லையா?"

"கிடையாது. சிம்முல அந்த மாதிரியெல்லாம் வராது. மியூட்னு பட்டன் இருக்கில்ல? அதை அமுக்கிக்கோ."

"அது தெரியும்க்கா. ஆனா அங்க ஏதாவது சத்தம் கேட்டா நானே அதை எடுத்து விட்டுடுவேன். என்னால அடக்க முடியாது."

"சண்டைக்குப் போயிடுவேங்கறே" என்று டிரைவர் எடுத்துக் கொடுத்தார்.

உபதேசம் ஒரு பக்கம், வியாபாரம் ஒரு பக்கம். அக்கா டிராயரைத் துழாவி, மூலையில் கிடந்த ஒரு இயர்போனை எடுத்துப் போட்டாள்.

"வீட்டுல இருக்கற போன்ல ஒயர் சொருக ஓட்டை இருக்கா?"

"இருக்குக்கா. பழைய போன்தான்."

"அப்போ இதைச் சொருகி வைக்கணும். இது அந்தக் காலத்து மாடல், மைக் கிடையாது. அதனால அந்த வீட்டுச் சத்தமெல்லாம் போன் வழியா உனக்கு வந்துடும். உன் குரல் இந்த ஒயருக்குள்ள போய் அடங்கிடும். ஒயரைச் சுருட்டித் தலகாணிக்கு அடியில தள்ளிட்டா, நீ தொண்டை கிழியக் கத்தினாலும் அங்க ஒரு ஈ காக்காவுக்குக்கூடக் கேக்காது. அங்க யாரைச் சொருக வைக்கப் போறேங்கறது உன் சாமர்த்தியம்."

"தங்கச்சி சொருகிடுவாக்கா."

டவர் அக்கா விழித்தாள். கணக்கு எங்கேயோ உதைத்தது.

"நிஜமாவே கேக்காதா?" அந்தப் பெண் மறுபடி கேட்டாள்.

"கேக்காதும்மா. என்ன வேணா திட்டிக்கோ."

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"போன தடவை ட்ரெயினிங்னு ஒரு மாசம் போயிருந்தேன்க்கா. என் குரல் கேட்டாலே பாப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பா. அம்மா பின்னாடி ஒளிஞ்சிருக்கேன்னு நெனச்சுத் தேடுவா. அப்புறம் அன்னிக்குப் பூரா ஒரு வாய் சாப்பிட மாட்டா, ஒரே அழுகை. இப்பத்தான் சித்திகூட ஒட்ட ஆரம்பிச்சிருக்கா. அதைக் கெடுத்துடக் கூடாதேன்னுதான்..."

டிரைவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். டவர் அக்காவின் கை கார்டுகளின் மேலேயே நின்றுவிட்டது.

அந்தப் பெண் இயர்போனை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"அப்போ, நான் அங்கேருந்து தாலாட்டுப் பாடினாலும் அவளுக்குக் கேக்காதுல்ல? நான் பாடலாம்லக்கா?"