ரேகை விழாத விரல்கள்

எஸ்தரின் நர்சிங் படிப்புக்கு வங்கிக் கடன் வேண்டுமானால் அவள் அப்பாவின் கைரேகை வேண்டும் என்றார்கள். முப்பது வருடமாகச் சிமெண்டுக் கலவை குழைத்த மாசிலாமணியின் விரல்களில் ரேகை என்று எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. முதல் தடவை கருவி ஏற்காததும் நான்கு நாள் வேலைக்குப் போகாமல், விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவித் தடவி, பிள்ளை பெற்றவளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார். ஐந்தாம் நாள் பத்து விரலையும் மாற்றி மாற்றிக் கண்ணாடியில் அழுத்தியும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கல்லூரியில் பணம் கட்ட மறுநாள் கடைசி நாள்.

“அப்பா விரல்ல ஒண்ணுமே இல்லையேம்மா,” என்றார் வங்கி அதிகாரி.

“அவர் கட்டுன வீடுங்கள்ல இருக்கும் சார். போய் எடுத்துட்டு வரட்டுமா?” என்றாள் எஸ்தர்.

அதிகாரி கருவியை ஓரமாக நகர்த்தி வைத்தார். “கையெழுத்துப் போடுவாரா? போட்டா மெஷினே வேணாம். தாள்லயே முடிச்சிரலாம்.”

“போடுவேங்க,” என்றார் மாசிலாமணி, மகள் வாயைத் திறப்பதற்குள். நாற்பத்தைந்து வயதில் முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து.

இருபத்திரண்டு இடத்தில் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து எழுத்தையும் செங்கல் வைப்பதுபோல மட்டம் பார்த்து வைத்தார்.

“என்ன பெரியவரே, வீடா கட்டுறீங்க?” என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

“பூச்சு வேலைதான் பாக்கி, தம்பி.”

“அவ்வளவுதாங்க, முடிஞ்சுது. நாளைக்குக் காலையில காலேஜுக்குப் பணம் போயிரும்,” என்று அதிகாரி தாள்களுக்காகக் கையை நீட்டினார். மாசிலாமணி பேனாவை மூடவில்லை.

“எங்கயாச்சும் விட்டுப்போச்சான்னு இன்னொருக்கா பாருங்களேன்.”