சிவப்பு வைனுக்கு ஏற்ற கறி

“சிவப்பு வைனுக்கு மீனோ? துரைமார் கேட்டால் காறித் துப்புவினம்!” என்று சீறினார் மன்னார் அரசாங்கக் கந்தோர் கிளாக்கர் வஸ்தியாம்பிள்ளை.

பிரெஞ்சுப் பினோ நுவா வைன் போத்தல் மேசையில் இருந்தது. அவருடைய பதவி உயர்வுக்கு, அன்று விருந்துக்கு வரும் பிரெஞ்சுக்காரரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும்.

“இதுக்குத் தாரா இறைச்சிதான் பொருத்தம். உனக்கென்ன விளங்கும்?”

“இஞ்சாருங்கோ, இண்டைக்கு...” என்றாள் மனைவி றஞ்சிதம்.

“வாயை மூடு!”

அவள் மூடிக்கொண்டாள். தாரா வாத்தைப் பொரித்தாள். தனக்கென்று சூரைமீன் குழம்பும் வைத்தாள்.

விருந்தாளி வந்து, வெள்ளை அங்கியை ஒதுக்கிக் கதிரையில் அமர்ந்தார். தாராவைப் பார்த்து முகம் சுளித்தார்.

“வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர் இறைச்சி தொடக்கூடாதெண்டு உமக்குத் தெரியாதோ?” என்றார் அந்தப் பிரெஞ்சுப் பங்குச் சுவாமியார்.

கிளாக்கர் தாராத் தட்டைப் பின்னுக்கு இழுத்தார். றஞ்சிதம் மீன்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

குழம்பையும் வைனையும் ருசித்த சுவாமியார் கேட்டார்:

“நல்ல பொருத்தம். நற்சான்றை இவவின்ர பேருக்கே எழுதட்டோ?”