அடுத்த வாசல் ஈரம்

"பாத்தியா சுந்தராம்பா, இன்னைக்கும் நம்ம வாசல் வந்ததும் குழாயை மூடிட்டான்!"

நல்லுசாமி கத்தினார். ரோட்டுத் தூசிக்குத் தண்ணி தெளிக்கிற சிமெண்ட் கம்பெனி டேங்கர் அவர் வாசலில் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் தாண்டிப் போய், அடுத்த வீட்டு உத்திராபதி வாசலில் மழையாய்ப் பொழிந்தது.

கீழப்பழுவூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற ரோடு. நல்லுசாமியின் எருமையை வெள்ளைப் பசு என்று நம்பி ஒருவன் விலை பேசிவிட்டுப் போனான் என்றால் தூசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு மாசமா இதே கூத்து. அவன் வாசல்ல கோலம் பளிச்சுன்னு கெடக்கு. நம்ம வாசல் சுடுகாட்டுச் சாம்பலாட்டம் இருக்கு!"

"ஆமாங்க, அவங்க குடுத்து வெச்சவங்க" என்று மனைவி சுந்தராம்பாள் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டாள்.

டேங்கர் முதுகில் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. உத்திராபதி பேரைத்தான் எழுதியிருக்கிறார்களோ என்றுகூட அவருக்குச் சந்தேகம். உத்திராபதி மகள் நர்மதாவிடமே போய்க் கேட்டார்.

"'டஸ்ட் சப்ரஷன்'னு போட்டிருக்கு மாமா. சப்ரஷன்னா அடக்குறது. தூசி கிளம்பாம அடக்குற வண்டி."

"தூசிக்கு மட்டுந்தானா?"

"இல்ல மாமா. இருமலை அடக்கினாலும் அதான், கலாட்டாவை அடக்கினாலும் அதான். ஒரு சேதியை வெளிய விடாம அமுக்கினாலும் அதேதான்."

"வயித்தெரிச்சலை?"

"அதுக்கும் சொல்லலாம்" என்று சிரித்தாள் நர்மதா.

தன்னைத்தான் குத்துகிறாள் என்று நல்லுசாமிக்குச் சுருக்கென்றது.

மறுநாள் டேங்கர் வந்தபோது நடுரோட்டில் குறுக்கே நின்றார்.

"ஏம்ப்பா, உத்திராபதி உனக்கு மாமனாரா? தெனம் கறிச்சோறு போடுறானா? என் வாசல்ல திறக்காம வண்டி நகராது!"

டிரைவர் ஜெயசீலன் இறங்கி வந்து தலையைச் சொறிந்தான்.

"அது... கம்பெனி உத்தரவுங்க."

"நல்லுசாமி வாசல்ல மட்டும் ஊத்தாதேன்னு கம்பெனி உத்தரவு போட்டுச்சா? வா, ஆபீசுக்கே போயிக் கேப்போம்!"

ஜெயசீலன் பயந்துபோனான்.

"சத்தம் போடாதீங்கய்யா. இங்க வர்றப்ப டேங்கர்ல அடித்தண்ணிதான் மிச்சம் இருக்கும். ஒரு வாசலுக்குத்தான் காணும். முன்னெல்லாம் உங்க வாசலோட தீந்துடும். உங்க வூட்டம்மாதான் வண்டியை நிறுத்தி, 'தூசியில அடுத்த வூட்டு நர்மதாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டே இருக்கு. எங்க வாசல்ல மூடிட்டு அங்க ஊத்து. எங்க வூட்டுக்காரர் கேட்டா கம்பெனி உத்தரவுன்னு சொல்லிடு'ன்னாங்க."

நல்லுசாமி வழியை விட்டு ஒதுங்கினார். டேங்கர் தாண்டிப் போனது.

வாசலில் சுந்தராம்பாள் முகம் வெளிறி நின்றிருந்தாள்.

"என்னங்க... என்ன சொன்னான்?"

துண்டால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார் நல்லுசாமி.

"கம்பெனி உத்தரவாம்."