பீரோவில் ஒரு குழி

"தொடாதே! கையை எடு! அடுக்கு கலைஞ்சிடும்!"

அவள் போட்ட சத்தத்தில் நாத்தனார் தூக்கிய காகிதக் கட்டை அப்படியே திரும்ப வைத்தாள்.

"அண்ணி, மணி நாலு பத்து. அஞ்சுக்கு இணையதளத்தை மூடிடுவான். மொத்தத்தையும் கட்டில்ல கொட்டினா அஞ்சு நிமிஷ வேலை!"

"கொட்டினா எது எங்கே இருந்துச்சுன்னே தெரியாது. மேலே இருக்கிறது புதுசு, கீழே இருக்கிறது பழசு. எங்க தொழிலுக்கு இதுதான் அரிச்சுவடி."

பீரோவின் அடித்தட்டில் முழங்கால் உயரத்துக்குக் காகிதம். ஒன்பது வருஷக் குடித்தனத்தின் குப்பை.

அவள் அருங்காட்சியகக் கிடங்கில் பானை ஓடுகளுக்கு எண் போடுகிறவள். தற்காலிக வேலை. இப்போது விண்ணப்பிப்பது தொல்லியலில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு. கடல் தாண்டி ஒரு பல்கலைக்கழகம், மூன்று வருஷம், மாதாமாதம் உதவித்தொகை. இருப்பது ஒரே ஓர் இடம். அவள் வயசுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பட்டச் சான்றிதழ் மட்டும் பாக்கி. ஜெராக்ஸை அந்த இணையதளம் இரண்டு தடவை துப்பிவிட்டது, அசலைத்தான் கேட்கிறது.

"கரண்ட் பில், இந்த வருஷம்... ஃபிரிட்ஜ் வாரண்டி, மூணு வருஷம்... இதோ வாடகைப் பத்திரம், ஆறு வருஷம்." அவள் ஒவ்வொரு அடுக்காக எடுத்து வரிசை மாறாமல் தரையில் வைத்தாள். "இதுக்கும் கீழேதான் இருக்கணும்."

"குப்பையைக் கிளற மாசச் சம்பளம் தர்றாங்கன்னா நானே போயிருப்பேனே. ஏண்ணா, நீ ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறே?"

அண்ணன்காரன் லிஃப்ட் மெக்கானிக். அரை நாள் லீவு போட்டு வந்தவன், கட்டில் ஓரத்தில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தான். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியும் நெற்றியில் வியர்வை.

அவள் கை சட்டென்று நின்றது.

கல்யாணப் பதிவுத் தாளுக்கும் கல்லூரி மார்க் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு துண்டுச் சீட்டு. டூ வீலர் ஸ்டாண்டு டோக்கன். தேதி, நாலு மாசத்துக்கு முந்தையது.

"புதுக் குப்பை பழைய அடுக்குக்குள்ளே எப்படி வரும்?" அவள் குரல் தாழ்ந்தது. "மேலேருந்து யாரோ குழி வெட்டியிருக்காங்க. நாலு மாசம் முன்னாடி. சான்றிதழை உருவினவங்க சட்டைப்பையிலேருந்து இது விழுந்திருக்கு."

"நான் பஸ்ல போறவ!" நாத்தனார் இரண்டு கையையும் உயர்த்தினாள். "எனக்கு ஏது வண்டி?"

வீட்டில் இருப்பது மூன்று பேர். வண்டி ஒன்றே ஒன்று.

இரண்டு பெண்களும் கட்டில் பக்கம் திரும்பினார்கள்.

"ஏங்க... நீங்களா?"

"நான்தான்."

நாலு மாசத்துக்கு முன்னால்தான் அந்த ஆராய்ச்சி இடத்துக்கான அறிவிப்பு வந்தது. 'மூணு வருஷமா? அவ்வளவு தூரமா?' என்று கேட்டவன், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"போகக் கூடாதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே," என்றாள். கண் நிறைந்துவிட்டது. "ஒளிச்சு வைக்கிற அளவுக்கா வந்துட்டீங்க?"

"சண்டையை அப்புறம் போடு. மணி ஆகுது!" என்று அவன் எழுந்தான்.

அவன் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான். திரும்பி வந்தபோது தோளில் ஸ்பானர் பை. அதன் அடியிலிருந்து கிரீஸ் படிந்த ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே சான்றிதழ், ஒரு மடிப்புகூட இல்லாமல்.

நாலு ஐம்பத்தொன்று. நாத்தனார் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைபேசியில் ஸ்கேன் எடுத்தாள். நாலு ஐம்பத்தைந்து. பாதியில் நெட் நின்றது. "நல்லா இருப்பே, போயிடு, போயிடு," என்று நாத்தனார் கணினியிடம் கெஞ்சினாள். நாலு ஐம்பத்தெட்டு.

'விண்ணப்பம் பெறப்பட்டது.'

மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

"சரி, எடுத்தீங்க," என்றாள், அவனைப் பார்க்காமலே. "மனசு கேட்டிருந்தா திருப்பி வெச்சிருக்கலாமே?"

"ரெண்டு மாசமா அதுக்குத்தான் பார்த்தேன். எந்த அடுக்குலேருந்து எடுத்தேன்னு மறந்துபோச்சு. தப்பான அடுக்குல வெச்சா நீ கண்டுபிடிச்சிடுவியே!"

நாத்தனார் சிரித்தேவிட்டாள். அவள் சிரிக்கவில்லை. "எதுக்கு எடுத்தீங்கன்னு மட்டும் இன்னும் சொல்லலை."

அவன் தரையைப் பார்த்தான். "வேலையா எடுத்தேன். விடேன்."

சான்றிதழைத் திரும்ப வைக்க அவள் உறையை விரித்தாள். உள்ளே இன்னொரு தாள், நாலாக மடித்தது.

"ஐயோ, அதைக் குடு!" அவன் பாய்ந்தான். அதற்குள் நாத்தனார் பிடுங்கிக்கொண்டு கட்டில்மேல் ஏறிவிட்டாள்.

"ஏதோ லிஃப்ட் கம்பெனி லெட்டர், அண்ணி. அண்ணன் பேருக்கு வந்திருக்கு. விலாசம்... அட, நீங்க படிக்கப் போற ஊரு! தேதி, ரெண்டு மாசம் முன்னாடி."

"படி," என்றாள் அவள்.

நாத்தனார் தமிழாக்கிச் சத்தமாகப் படித்தாள்:

"'உங்கள் மனைவிக்கு எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இடம் கிடைத்துவிட்டதாகச் சொல்லி, நேர்காணலில் அவருடைய பட்டச் சான்றிதழையும் பெருமையோடு காட்டினீர்கள். அவர் இங்கே படிக்கும் மூன்று வருஷமும் கூடவே இருக்க வேண்டும் என்ற உங்கள் வேண்டுகோளை ஏற்று, உங்களை மெக்கானிக்காக நியமிக்கிறோம். இடம் கிடைத்ததற்கு உங்கள் மனைவிக்கும் எங்கள் வாழ்த்துகள்!'"