எதிர்வீட்டுக்காரர்

“நெத்தியில விபூதிய அழிச்சுருங்கண்ணே. எங்கப்பா பேரு ஆரோக்கியநாதன், மறந்துராதீங்க” என்றான் ஆல்பின், பள்ளிக்கூட வாசலில்.

பேச்சிமுத்து துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தினமும் வண்டியில் தொத்திக்கொண்டு வரும் பிளஸ் ஒன் பையன் ஆல்பின். அப்பா திருப்பூரில் கிடக்கிறார், போனை எடுக்க மாட்டேங்கிறார், ஒரு மணி நேரம் எனக்கு அப்பாவாக வந்து நில்லுங்கள் என்று கேட்டான்.

முதலில் திட்டத்தான் செய்தார். ஆனால் பெண்டாட்டி மகனைக் கூட்டிக்கொண்டு போய் எட்டு வருஷம் ஆகிறது. அப்பா என்ற வார்த்தை காதில் விழுந்தும் அம்புட்டு வருஷம்தான்.

விஷயமே தலைமையாசிரியை அற்புதமேரி சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்தது. கூடப் படிக்கும் முத்துக்குமரனின் கையைக் கட்டர் பிளேடால் கிழித்திருக்கிறான் ஆல்பின். ஆறு தையல். ஏதோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தொடங்கிய சண்டையாம்.

முத்துக்குமரனின் அப்பா எதிர் நாற்காலியில் இருந்தார். வெள்ளைச் சட்டை, கலங்கிய கண். பக்கத்தில் நின்ற பையனின் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்த பேச்சிமுத்துவுக்கு என்னவோ போல் இருந்தது.

“ரெண்டு பேரும் ஒரே குடியிருப்பு, எதிரெதிர் வீடு. புள்ளைங்க வெட்டிக்கிற வரைக்கும் பெரியவங்க என்னதான் செஞ்சீங்க?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

பேச்சிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. இந்த ஆள் எங்கள் எதிர்வீட்டுக்காரரே இல்லை என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தீர்ந்தது. அவரோ பேச்சிமுத்துவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கோம் டீச்சர். முகம் பாத்துப் பழக்கமில்ல.”

எதிர்வீட்டு முகம் தெரியாத காலமும் ஒரு வகைக்கு நல்லதாகப் போயிற்று என்று பேச்சிமுத்து மூச்சு விட்டார்.

இனி பிள்ளையைக் கண்காணித்துக்கொள்கிறோம் என்று இருவரிடமும் எழுதி வாங்கினார் டீச்சர். போலீசும் வேண்டாம், டி.சி.யும் வேண்டாம் என்று பையன்களை வகுப்புக்கு அனுப்பிவைத்தார்.

வராந்தாவில் ஆல்பின் மற்றவன் காதோரம் சொன்னது, பின்னால் வந்த பேச்சிமுத்துவுக்குக் கேட்டது.

“கையோட விட்டேன். சாயந்தரம் கழுத்துடா.”

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்தப் பேச்சு கூடவே இருந்தது. தான் யார், கண்டிப்பதற்கு? சொன்னால்தான் கேட்பானா? பெற்றவர் ஒருத்தராவது வந்திருக்கிறாரே, அவரிடம் சொல்லாமல் போனால் சோறு இறங்காது. வண்டியை அணைத்துவிட்டு ஓடிப்போய் வெள்ளைச் சட்டைக்காரரின் கையைப் பிடித்தார்.

“அண்ணே, மன்னிச்சுருங்க. நான் அவன் அப்பன் இல்ல, ஆட்டோக்காரன். அந்தப் பய சாயந்தரம் கழுத்துல வைப்பேங்கிறான். நாலு மணிக்கு நீங்களே நேர்ல வந்து உங்க மகனக் கூட்டிட்டுப் போயிருங்க.”

அந்த மனிதரின் முகம் வெளுத்துப் போனது. கையை விடுவித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

“என்னையும் முத்துக்குமரன் பஸ் ஸ்டாப்புலதாண்ணே புடிச்சுட்டு வந்தான்.”