சேந்தன் எழுதிய வாரங்கள்

"இனிமே நமக்குள்ள பேச என்னதான் இருக்கு?" என்று கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை காக்கா நாடகம் இருக்கே," என்றாள் அவள்.

சிரிப்பான் என்று நினைத்துச் சொன்னது. அவன் சிரிக்கவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினான். ஓசூருக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தான்.

போகாதே என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. லிஃப்ட்வரை கூடவே நடந்தது.

கதவு மூடிக்கொண்டது.

அது ஆடியில். இப்போது தை பிறந்துவிட்டது. சண்டை எதற்கு என்று கேட்டால் இருவரும் வேறு வேறு காரணம் சொல்வார்கள்.

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான் கடைசியில் மிஞ்சியது. ஞாயிறு மாலை. காக்கா நாடகம்.

அடுக்குமாடிக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிமேல் குடித்தனம் நடத்தும் ஒரு காகக் குடும்பம். டி.வி.யில் வரும் அரை மணி நேரக் கார்ட்டூன். எழுதுவது இரண்டு பேர், வாரம் மாற்றி வாரம். அருமைநாயகம் எழுதினால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். சேந்தன் எழுதினால் எழுந்துபோய்த் துணி காயப்போடலாம். ஃபோனில் இருக்கும் ரசிகர் குழுவில் அப்படித்தான் சொல்வார்கள்.

அந்தக் குழுவில் சண்டை போட்டுத்தான் இருவரும் பழகினார்கள். கல்யாணமும் செய்துகொண்டார்கள். அது அங்கே யாருக்கும் தெரியாது. அங்கே அவன் பெயர் 'ஒண்டிக்குடித்தனம்'. அவள் பெயர் 'எலுமிச்சை'.

ஓசூர் போனபின் அவன் அவளுடைய அழைப்பை எடுப்பதில்லை. சாப்பிட்டாயா என்று செய்தி அனுப்பினால் ஒரு 'ம்' வரும். சில நாள் அதுவும் வராது.

ஆனால் குழுவில் யாராவது தப்பாகப் பேசினால் அவனால் சும்மா இருக்க முடியாது.

அதனால் அவள் தப்பாகப் பேசினாள்.

சேந்தன்தான் உசத்தி என்றாள். மழைக்குப் பயந்து அப்பா காகம் குடை வாங்கப் போகும் அந்த மகா மட்டமான கதையைக்கூடக் கூசாமல் புகழ்ந்தாள்.

"சகோ, காக்கா எதுக்கு சகோ குடை வாங்கணும்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உங்களுக்கு?" என்று பாய்ந்து வருவான் அவன்.

கட்டிய பெண்டாட்டி அவனுக்குச் சகோ. முன்பு ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதி, விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போது அந்த ஒரு 'சகோ'வுக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தாள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர் 'சரணம்' என்று எழுத வேண்டும். எழுதிவிட்டால் முடிந்தது. அதன்பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது.

அவன் ஒருநாளும் எழுதியதில்லை. அவளும் அந்த இடம்வரை அவனைத் தள்ளியதில்லை. ஜெயித்துவிடாமல், தோற்றுவிடாமல், பேச்சை இழுத்துக்கொண்டே போவாள். ஒரு பதில். இன்னொரு பதில். அதற்குள் குக்கரில் சோறு தீய்ந்திருக்கும்.

இன்று நாடகத்தின் கடைசி வாரம். குழுவையும் இன்றோடு மூடிவிடப்போவதாக அட்மின் அறிவித்திருந்தார்.

திரையில் பெயர் ஓடியது. எழுத்து: சேந்தன்.

"அட கடவுளே, வழியனுப்புறதுக்கும் இந்தாளுதானா?" என்றார் ஒருவர்.

"நான் துணி எடுக்கப் போறேன். முடிஞ்சதும் கூப்பிடுங்கப்பா," என்றார் இன்னொருவர்.

கதையில் அப்பா காகம் கோபித்துக்கொண்டு பறந்துவிட்டது. அம்மா காகம் தொட்டி விளிம்பில் சோற்றை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. கரையவில்லை. சோற்றைக் கொத்தவும் இல்லை. வெயில் சாயும்வரை ஒரு வசனம் கிடையாது.

நாடகம் முடிந்ததும் அவன் குழுவுக்கு வந்தான்.

"காக்கா கரைஞ்சு கூப்பிட்டுத்தான் சாப்பிடும். பச்சப்புள்ளைக்குத் தெரியும் சகோ. உங்க சேந்தனுக்குத் தெரியலையே."

வழக்கம்போல ஏதாவது உளறலாம் என்றுதான் ஃபோனை எடுத்தாள். விரல்கள் வேறு எதையோ எழுதின.

"கூப்பிடத் தெரியாம இல்ல. கூப்பிட்டும் வரலைன்னா என்ன பண்றதுன்னு பயம். கூப்பிடாத வரைக்கும், கூப்பிட்டா வந்துடும்னு நினைச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கலாம் இல்லையா?"

அனுப்பிய பிறகுதான் படித்தாள்.



அவன் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.

சண்டைக்கு வா, என்று ஃபோனைப் பார்த்து முணுமுணுத்தாள். ஏதாவது சொல். குடையைப் பற்றியாவது சொல்.

"சரணம்."

கைதட்டும் பொம்மைகள் சரசரவென்று இறங்கின.

"எலுமிச்சை அக்கா ஒண்டியையே கவுத்துட்டாங்கடோய்!"

"சேந்தன் கட்சி இன்னைக்குத்தான் முதல்முதலா டெபாசிட் வாங்கியிருக்கு."

இனி அடுத்த ஞாயிறு இல்லை. சொல்வதற்குத் தப்பாக ஒன்றும் மிச்சமில்லை. தனியாக அழைத்துப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"அப்போ கடையைச் சாத்திடலாமா மக்களே?" என்றார் அட்மின்.

ஆளாளுக்கு வணக்கம் வைக்கத் தொடங்கினார்கள். அவன் பெயருக்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

அந்தக் குழுவில் யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை, அவனைத் தவிர.

குழுவிலேயே மைக் படத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினாள். முதலில் மூச்சு மட்டும்தான் பதிவானது.

"முகுந்தா... நான்தான். என்னால முடியலை. வீட்டுக்கு வந்துடு."